ஜேம்ஸ் கிளியரின் வாழ்க்கையில் விடுபட்ட ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பழக்கங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் கிளியரைக் குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். மண்டபத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் ஊர்ப் படிப்பகத்தை மாலை நேரங்களில் கவனித்து வருகிறேன். அங்கே வரும் தங்கள் நாளிதழின் ஒரே பிரதியை நாளொன்றுக்கு இருபது பேராவது படிக்கிறார்கள். அந்தக் கட்டுரையைப் பிள்ளைகள் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். படகு வேலைக்குப் போகும் இளைஞர்கள் அதன் முன் நின்று வரி வரியாகப் படிப்பதைப் பார்த்த பிறகு, இக்கடிதத்தை எழுதாமலிருக்க என்னால் முடியவில்லை.

கட்டுரை நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், பேஸ்பால் மட்டை முகத்தில் பட்டு விழுந்த ஒரு மாணவன் என்று தொடங்கி, அடுத்த பத்தியிலேயே ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' நூலின் ஆசிரியர் என்று அது முடிந்துவிடுகிறது. நடுவே இருந்த ஆண்டுகளைக் காணவில்லை. கிளியரிடமிருந்து எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்ளக்கூடியது ஏதேனும் இருக்குமானால், அது அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

1986 இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்த கிளியர், பேஸ்பால் ஆட்டக்காரரின் மகன். பத்தாம் வகுப்பின் கடைசி நாளன்று, சக மாணவர் ஒருவர் முழு வேகத்தில் வீசிய மட்டை கை நழுவிப் பறந்து வந்து அவருடைய இரு கண்களுக்கும் நடுவே தாக்கியது. மூக்கு உடைந்தது, மண்டை ஓட்டில் பல இடங்களில் முறிவு, இரு கண்குழி எலும்புகளும் நொறுங்கின. பள்ளிச் செவிலியர் அவரிடம் தாயின் பெயரைக் கேட்டபோது, அதை நினைவுக்குக் கொண்டுவர அவருக்குப் பத்து விநாடி தேவைப்பட்டது. ஹெலிகாப்டரில் சின்சினாட்டி நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மருந்து கொடுத்து ஆழ்மயக்கத்தில் வைத்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன், மூன்று வயதில் இரத்தப் புற்றுநோய் கண்ட மகளோடு அதே மருத்துவமனையில் காத்துக் கிடந்த பெற்றோர், இப்போது மகனுக்காக மறுபடியும் அங்கே காத்திருந்தார்கள். இவ்வளவையும் தங்கள் கட்டுரை ஓரளவு சொல்லியிருக்கிறது. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் அது தாண்டிச் சென்றுவிட்டது.

பிழைத்து எழுந்த அந்த மாணவன் நேரே வெற்றியை நோக்கி நடந்துவிடவில்லை. நேர்கோட்டில் நடப்பதையே சிகிச்சையில் பழக வேண்டியிருந்தது. மறுபடி கார் ஓட்ட எட்டு மாதம் ஆயிற்று. அடுத்த ஆண்டு மைதானத்துக்குத் திரும்பியபோது பள்ளியின் முதன்மை அணியிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். காரில் தனியே அமர்ந்து அழுததாக அவரே எழுதியிருக்கிறார். கடைசி ஆண்டில் அணியில் இடம் கிடைத்தும், பள்ளிக் காலம் முழுவதிலுமாக அந்த அணிக்கு அவர் ஆடியது 11 இன்னிங்ஸ் மட்டுமே. பேஸ்பாலில் அது ஒரு முழு ஆட்டத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

டெனிசன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோதும் முதலாண்டில் அணியின் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அங்கே அவர் செய்தவை, சொன்னால் யாரையும் வியக்க வைக்காதவை. உடன் தங்கியிருந்தவர்கள் நள்ளிரவு தாண்டியும் வீடியோ விளையாட்டு ஆடிக்கொண்டிருக்க, அவர் ஒவ்வோர் இரவும் நேரத்தோடு படுத்துக்கொண்டார். விடுதி அறையை ஒழுங்காக வைத்துக்கொண்டார். வாரந்தோறும் விடாமல் எடை தூக்கினார். பாடங்களை அன்றன்றே படித்தார். இரண்டாம் ஆண்டில் ஆடும் அணியில் இடம்; மூன்றாம் ஆண்டில் தலைமை; இறுதியில் பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆண் விளையாட்டு வீரர் என்ற தேர்வும், நாடு முழுவதிலும் 33 பேருக்கு மட்டும் கிடைத்த, படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்து மதிக்கும் விருதும். மட்டை முகத்தில் பட்ட நாளுக்கும் இந்த நாளுக்கும் இடையே ஆறு ஆண்டுகள். பேஸ்பாலைத் தொழிலாக ஆடும் நிலைக்கு அவர் கடைசிவரை உயரவில்லை என்பதையும் அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். இதையும் எங்கள் பிள்ளைகள் அறிய வேண்டும்.

எழுத்து வாழ்விலும் இதே போன்ற இன்னோர் ஆறு ஆண்டுகள் உண்டு. 2012 நவம்பரில் தம் இணையதளத்தில் எழுதத் தொடங்கியவர், திங்களும் வியாழனும் தவறாமல் வாரத்துக்கு இரண்டு கட்டுரை என்று வைத்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்து மின்னஞ்சலில் படிக்கப் பதிவு செய்தவர்கள் ஆயிரம் பேர். 2013 முடிவில் 30,000. 2015 இல் 2 லட்சம். 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' நூல் வெளிவந்தது 2018 அக்டோபரில். இன்று 50க்கும் மேற்பட்ட மொழிகளில் அது கிடைக்கிறது. நூலிலுள்ள எல்லாமே தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. தூண்டல், வேட்கை, செயல், பலன் என்று ஒரு பழக்கத்தை நான்காகப் பிரித்து அவர் காட்டுவது, அவருக்கு முந்தைய ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் போட்ட பாதையின் தொடர்ச்சி. நடத்தை ஆய்வாளர் பி. ஜே. ஃபாக் போன்றோருக்கு உரிய இடத்தை நூலுக்குள்ளேயே கொடுத்திருக்கிறார். பிறர் கண்டதைத் திரட்டி, எளிய மனிதருக்கும் புரியும்படி அடுக்கிக் கொடுத்த உழைப்பு அவருடையது. ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அந்த உழைப்பின் அருமை எனக்குத் தெரியும்.

இனி, திருத்தவேண்டிய ஒரு பிழை. 'எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்பது கிளியரின் கொள்கை' என்று கட்டுரை சொல்கிறது. இது அவருடைய கொள்கை அன்று. இந்த நம்பிக்கையை மறுத்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். 21 என்ற எண், 1960 இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் எழுதியதிலிருந்து கிளம்பியது. சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் 'குறைந்தது' 21 நாள் ஆவதைக் கண்டதாக அவர் எழுதினார். ஊர் ஊராகப் பயணம் செய்ததில் 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. உண்மையிலேயே அளந்து பார்த்தவர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி. 96 பேரை வைத்து அவரும் உடனிருந்தோரும் செய்து 2010 இல் அச்சான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் ஆகும் என்ற கணிப்பு. இடையில் ஒரு நாள் தவறிப்போனால் பெரிய கேடு ஒன்றுமில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

இந்தப் பிழையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் எங்கள் படிப்பகத்தில் நடந்ததுதான். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதமும் இளைஞர்களுக்குக் கையில் வேலையும் இல்லை, காசும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், அரசுத் தேர்வுகளுக்குப் படிக்க விரும்பிய 14 பேரைச் சேர்த்து, தடைக்காலம் தொடங்கிய நாளிலிருந்து மாலை 6 மணிக்குப் படிப்பகத்தில் உட்கார வைத்தேன். வருகைக் குறிப்பேடும் வைத்தேன். முதல் வாரம் 14 பேரும் வந்தார்கள். 21 ஆம் நாளன்று பத்துப் பேர். நானும் அந்த 21 நாள் கதையை நம்பியிருந்தவன்தான். இனி இவர்கள் வருவதை யாரும் தடுக்க முடியாது என்று மகிழ்ந்தேன். ஜூன் 14 அன்றும் ஒன்பது பேர் இருந்தார்கள்.

படகுகள் கடலுக்குப் போன முதல் வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த மாலைகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. சம்பளம் வந்ததும் படிப்பு கசந்துவிட்டது என்று எண்ணி, எதிர்ப்பட்ட ஒருவரைக் கடிந்து பேசிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதில் இது: "சார், ஆறு மணின்னு ஒண்ணு எங்களுக்குக் கிடையாது சார். திங்கக்கெழம ஆறு மணிக்குக் கடல்ல நிக்கிறேன். செவ்வாக்கெழம ஆறு மணிக்கு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன். எந்த ஆறு மணிக்கு நான் வர்றது?"

இராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களில் கடலுக்குப் போவதும், மற்ற நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு என்று இருப்பதும் நெடுநாளைய ஏற்பாடு. அதை நான் அறியாதவன் அல்லேன். அறிந்திருந்தும், அந்த இளைஞனின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று எண்ணிப் பாராமல், என் பள்ளிக்கூட மணியை அவன்மேல் கட்டியிருந்தேன்.

கிளியரின் நூலை நான் மறுபடியும் கையிலெடுத்தது அதன் பிறகுதான். முதல் வாசிப்பில் வேகமாகக் கடந்துபோன இரண்டு செய்திகள் அப்போது வேறாகத் தெரிந்தன. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்த அமெரிக்க வீரர்களைப் பற்றி லீ ராபின்ஸ் செய்த ஆய்வு ஒன்று. ஊர் திரும்பியவர்களில் ஓராண்டுக்குள் மீண்டும் அதில் விழுந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டுமே என்று அதில் தெரியவந்தது. போதையைத் தூண்டிய இடமும் ஆள்களும் நேரமும் மாறியதும் பிடி தளர்ந்துவிட்டது. கெட்ட பழக்கத்துக்கு இது நன்மை. ஆனால் இதே காரணத்தால்தான் எங்கள் படிப்பகத்தின் நல்ல பழக்கமும் உதிர்ந்தது. இளைஞர்களின் மனம் மாறவில்லை. அவர்கள் நின்ற இடம் கரையிலிருந்து கடலுக்கு மாறியிருந்தது.

மற்றது, 248 பேரை வைத்து பிரிட்டனில் செய்த உடற்பயிற்சி ஆய்வு. ஊக்கமூட்டும் செய்திகளைப் படித்தவர்களில் 35 விழுக்காட்டினர்தான் அந்த வாரம் பயிற்சி செய்தார்கள்; அவற்றைப் படிக்காதவர்களில் 38 விழுக்காடு. எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் செய்வேன் என்று ஒரு வாக்கியம் எழுதிக்கொடுத்தவர்களில் 91 விழுக்காடு. ஊக்கம் ஊட்டுவதையே பெரிதாக நினைத்து 31 ஆண்டுகள் வகுப்பில் பேசியவனுக்கு இந்த எண்கள் எளிதில் செரிக்கவில்லை. நேரத்தைக் குறிக்க முடியாதவர் என்ன செய்வது என்பதற்கும் நூலில் விடை இருந்தது: ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலின் வாலில் புதியதைக் கட்டிவிட வேண்டும். கடலிலிருந்து வந்த ஆள் எந்த மணிக்கு வந்தாலும் குளிக்காமல் சாப்பிட உட்காருவதில்லை. எனவே, குளித்துத் துவட்டியதும், தட்டின் முன் உட்காரும் முன், இரண்டு பக்கம் மட்டும் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். துண்டு காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, புத்தகப் பையை அதில் மாட்டச் சொன்னேன். அமெரிக்கக் கல்லூரி விடுதியில் கிளியருக்கு ஒழுங்குபடுத்திக்கொள்ள ஓர் அறையாவது இருந்தது. ஆறு பேர் படுத்துறங்கும் ஒற்றை அறை வீட்டில் ஓர் ஆணிதான் ஒருவனுக்குச் சொந்தமாக அமைய முடியும்.

ஐந்து பேர் இன்றுவரை அந்த இரண்டு பக்கத்தை விடவில்லை. பல நாள்களில் அது பத்துப் பக்கமாகிறது. காற்றும் களைப்பும் கடுமையான நாளில் இரண்டோடு நின்றுவிடுகிறது. ஒருவரும் இதுவரை தேர்வில் வெற்றி பெறவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஒருவர் மிகச் சில மதிப்பெண்களில் தவறவிட்டு, மறுபடியும் எழுதக் காத்திருக்கிறார். நூல் இந்த நிலையையும் பேசுகிறது. உறைநிலைக்குக் கீழே உள்ள பனிக்கட்டியைச் சுற்றி வெப்பம் ஒவ்வொரு பாகையாக ஏறும்போது கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. உருகத் தொடங்கும் அந்த ஒரு பாகைக்கு முன் ஏறியவையெல்லாம் வீண் போனவை ஆகா என்று அவர் விளக்குகிறார். ஐஸ் பெட்டியோடு வாழும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நாளுக்கு ஒரு விழுக்காடு முன்னேறினால் ஓராண்டில் 37 மடங்கு ஆகலாம் என்ற கணக்கைத் தங்கள் கட்டுரை தலைப்பாகவே போட்டிருக்கிறது. 1.01 ஐ 365 முறை பெருக்கினால் 37.78 வரும், கணக்கு சரிதான். ஆனால் அது வட்டிக்கு வட்டி எப்படி ஏறும் என்று காட்டும் உவமை. மனிதரை அளந்து கண்ட முடிவு அன்று. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு வட்டியின் ஏற்றம் நன்றாகவே தெரியும். அதனால் இந்த எண்ணை அவர்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். ஓராண்டு முடிவில் 37 மடங்கைத் தன்னிடம் தேடிக் காணாத பிள்ளை, தன்னையே குறைத்து எண்ணுகிறான். இதை நான் நேரில் கண்டேன்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தனி ஒருவர் தம் உறுதியால் வென்றார் என்ற வடிவத்தில் கட்டுரை அமைந்திருக்கிறது. ஆனால் நாம் விரும்பும் நடத்தை எந்தக் கூட்டத்தில் இயல்பாக இருக்கிறதோ அதில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று ஒரு முழு அத்தியாயமே கிளியர் எழுதியிருக்கிறார். அதற்கான சான்றுக்கு நாங்கள் ஒஹாயோ வரை போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரத்தில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் எங்கள் பெண்கள், மாதத்தில் 12 நாள்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் வற்றும் நாள்களே அவர்களுடைய நாள்காட்டி. வறுமையில் ஒருத்தி தனியாக இருந்திருந்தால் பதின்மூன்றாம் நாளும் கடலில் இறங்கியிருப்பாள். சேர்ந்து வைத்த முறை என்பதால் நிற்கிறாள். கரையில் எந்தப் பழக்கம் நிலைத்திருந்தாலும் அதன் பின்னால் ஊர் ஒன்று நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். படிப்பகத்தில் எஞ்சிய ஐந்து பேரும் ஒரே படகுத்துறையைச் சேர்ந்தவர்கள் என்பதும், ஒருவர் வராவிட்டால் மற்றவர் வீட்டு வாசலில் போய் நிற்பவர்கள் என்பதும் தற்செயல் ஆகாது.

பத்திரிகையோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டதால், இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து நாளிதழ்க் கட்டுகளைக் கீழே வீசுவார்கள். அவற்றைப் பொறுக்கிச் சேர்க்க உறவினருக்கு உதவி, தம் முதல் சம்பளத்தைப் பெற்ற சிறுவன்தான் 1931 இல் இத்தீவில் பிறந்த அப்துல் கலாம். ரயில் வந்தால் வேலை. அதற்கு முன்பே, விடியற்காலையில் குளித்துவிட்டு வந்தால்தான் கணித ஆசிரியர் பாடம் சொல்லிக்கொடுப்பார். குளியலும் ரயிலும் அந்தச் சிறுவனின் நாளைத் தாங்கிய இரண்டு ஆணிகள். இக்கதையை இந்தத் தீவுப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, குடியரசுத் தலைவரானார் என்ற முடிவுக்கு நாம் எல்லோரும் அவசரமாகத் தாவிவிடுகிறோம். கிளியர் கட்டுரையிலும் அதுவே நடந்திருக்கிறது.

ஆகவே, இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். 21 நாள் என்ற செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதில் 66 என்ற சராசரியும், ஒரு நாள் தவறினால் கெட்டுவிடாது என்ற ஆறுதலும் இடம்பெறட்டும். இடமிருந்தால், கிளியரின் அந்த இரண்டு ஆறாண்டுகளைப் பற்றி மட்டும் இன்னொரு கட்டுரை எழுதச் செய்யுங்கள். வருகிற ஏப்ரல் 15 அன்று மறுபடியும் படகுகள் கரையேறுகின்றன. புதிதாக எட்டுப் பேர் படிப்பகத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் அந்த நாளிதழ் எங்கள் கைக்கு வந்துவிட்டால், சுவரிலுள்ள பழைய கட்டுரைக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டிவைப்பேன். ஆணிகள் வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.